அறத்திற்குக் கணக்குண்டோ?

ஈதல் நல்லறம் என்பதில் எச்சமயத்தாரும் வேறுபடார். ஆயின், ஈந்ததை எண்ணி எழுதி அச்சிட்டு ஊரறிய வெளியிடுதல் அவ்வறத்தைக் காப்பதோ, அன்றி அழிப்பதோ என்னும் வினாவில் அறிஞரும் ஒருப்படுவதில்லை. அவ்வினாவையே ஈண்டு யாம் ஆராயப் புகுந்தோம். இது வாதத்தின் பொருட்டு எழுந்த வினாவன்று. வறிய மாணாக்கருக்குப் புத்தகமும் உடையும் உணவும் பங்கிட்டளிக்கும் பொறுப்பு ஆண்டுதோறும் ஆசிரியராகிய நம்மனோர் கையில் வந்து சேர்கின்றது. செய்யத்தக்க முறை இதுவென்று அறியாது செய்வோமாயின், கொடுத்த கையினாலேயே ஒரு பிள்ளையின் நெஞ்சைப் புண்படுத்தியவராவோம். அக்குற்றம் யாமும் உடையோம். அதனைப் பின்னர்க் கூறுவாம்.

இவ்வாராய்ச்சிக்கு எடுத்துக்காட்டாகக் கத்தோலிக்க சமயத்தாருடைய வின்சென்ட் டி போல் சபையை எடுத்துக்கொள்கின்றோம். பிறசமயத்தார் செயலை நம் பத்திரிகையில் விதந்தெடுத்துப் பேசுதல் தகுமோ எனின், தகும். என்னை? நோய் தீர்க்கும் மூலிகை அயலான் வளவில் முளைத்ததென்பதற்காக அதனை வேண்டாவென்று சொல்லும் வைத்தியர் இலர். அன்றியும், அச்சபை ஏறக்குறைய இருநூறாண்டாக ஒரே தொண்டினைச் செய்து, அத்தொண்டின் கணக்கையும் ஆண்டுதோறும் எழுதி வருவது. தருமத்திற்குக் கணக்கெழுதுதலால் வரும் நன்மை தீமைகளை அறிய வேண்டுவார்க்கு அதனினும் ஏற்ற எடுத்துக்காட்டு அரிது.

அத்தகைய சபையின் ஆண்டறிக்கையைக் கையில் எடுத்தார்க்கு முதலிற் புலப்படுவது எண்களின் நிரலே. வீடு சென்று கண்ட குடும்பங்கள் இத்தனை. நோயாளரைக் கண்ட முறை இத்தனை. வழங்கிய உணவுப்பொதி இத்தனை. பிள்ளைகளின் படிப்புக்கு உதவிய பணம் இவ்வளவு. வரவு இவ்வளவு, செலவு இவ்வளவு, எஞ்சியது இவ்வளவு என்று அந்நிரல் செல்லும். உதவி பெற்றோர் இன்னாரென்பதை வெளியிடாமை அவர்களது ஒழுங்கு.

இதனைக் கண்டு இருதிறத்தார் இருவேறு கூறுவர். ஒரு சாரார், "தருமத்தை எண்ணுதலே தவறு. வலக்கை செய்வதை இடக்கை அறியலாகாதென்று அவர்தம் வேதமே விதித்திருக்க, எண்ணி அச்சிட்டுப் பரப்புதல் புகழ்வேட்கையன்றோ?" என்பர். மற்றொரு சாரார், "பிறர் பணத்தைப் பெற்று வழங்குவோர் கணக்குக் காட்டாதொழியின் அது களவுக்கு வாயிலாம். எண்ணே மெய், ஏனைய பேச்செல்லாம் வீண்" என்பர். இவ்விருவர் கூற்றிலும் உண்மை ஒவ்வொரு பாதியே உண்டென்பதும், அவ்விரு பாதியையும் பொருத்தும் இடம் வேறுண்டென்பதும் யாம் காட்ட எண்ணியன.

முதற்கண், தருமத்திற்கு ஒழுங்கு வேண்டுமோ என்பதை நோக்குவாம். 1617ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்து ஞாயிற்றுக்கிழமையொன்றில், பிரான்சு தேசத்துச் சாத்தியோன் என்னுஞ் சிற்றூரிலே, வின்சென்ட் டி போல் என்னுங் குரு பூசைக்கு ஆயத்தஞ் செய்துகொண்டிருந்தார். ஊர்ப்புறத்தே ஒரு வீட்டில் அனைவரும் நோயுற்றுக் கிடக்கின்றனர், பார்ப்பார் ஒருவருமில்லை என்னுஞ் செய்தி அப்பொழுது அவர்க்கு எட்டியது. அவர் தம் பிரசங்கத்திலே அதனை எடுத்துரைத்தார். அன்று பிற்பகல் அவ்வீட்டை நோக்கித் தாமே சென்றபோது, வழிநெடுகப் பெண்கள் கூட்டங் கூட்டமாக உணவு கொண்டு செல்வதையும் கொடுத்து மீள்வதையும் கண்டார்.

மற்றொருவராயின் தம் சொல்லின் பயனைக் கண்டு மகிழ்ந்து அமைந்திருப்பர். அவரோ கவன்றார். இன்று குவிந்த உணவிற் பெரும்பகுதி நாளை கெட்டொழியும். அதன்பின் அந்நோயாளர் முன்போலவே பட்டினி கிடப்பர். இரக்கம் மிகவுண்டு, ஒழுங்கோ இல்லை என்பதை அவர் உணர்ந்தார். ஆகவே சில நாளுள் அப்பெண்களுட் சிலரை ஒருங்கு கூட்டி, நாளொன்றுக்கு ஒருவராக முறைவைத்துச் சமைத்துக் கொண்டுபோய்க் கொடுக்க ஏற்பாடு செய்தார். அவ்வாண்டு நவம்பர் மாதத்தில் அவர்க்கு எழுத்து வடிவான விதிகளும் அமைந்தன. வரவுசெலவைப் பாதுகாக்க ஒருவர் தனியே நியமிக்கப்பட்டார்.

இரக்கம் பெருமழை போல ஒருநாட் பெய்து ஓய்வது. பசியோ நாடோறும் வருவது. பெய்த நீரைக் குளத்திலே தேக்கி மதகு வழியே அளந்து விடுவார் இல்லையேல், மழை பெய்த ஊரிலும் பயிர் வாடும். ஆகவே ஒழுங்கும் கணக்கும் அன்புக்குப் பகையல்ல. அன்பு மறுநாளும் வந்து சேர்தற்கு அவை வழியாம். "எண்ணுதலே தவறு" என்பார் கூற்று இவ்வாற்றான் மறுக்கப்பட்டது.

அங்ஙனமாயின், எண்ணே மெய் என்பார் வென்றனரோ எனின், வென்றிலர். அச்சாத்தியோன் விதிகளுட் சில யாம் பலகாலும் நினைந்து வியப்பன. நோயாளிக்கு உணவு கொண்டு செல்பவள் செய்யவேண்டுவன யாவையென அங்கே ஒவ்வொன்றாக வகுக்கப்பட்டிருக்கின்றன. அவள் முகமலர்ச்சியோடு நோயாளிக்கு வந்தனஞ் சொல்லல் வேண்டும். படுக்கைமேற் பலகை வைத்துத் துணி விரித்தல் வேண்டும். கிண்ணமும் கரண்டியும் அப்பமும் எடுத்து வைத்து, நோயாளியின் கையைக் கழுவுவித்து, உணவைக் கலத்தில் வார்த்தல் வேண்டும். உண்ண மனமில்லார்க்கு இன்சொற் கூறி உண்பித்தல் வேண்டும். இறுதியாக ஒரு விதி: துணையாக ஒருவர் உடனிருக்கும் நோயாளியிடத்து முதலிற் செல்லல் வேண்டும், துணையின்றித் தனித்துக் கிடப்பாரிடத்து ஈற்றிற் செல்லல் வேண்டும். ஏனெனில், ஈற்றிற் சென்றாலன்றோ அவரோடு நெடுநேரம் இருத்தல் கூடும்.

இவ்விதியின் பயனை ஆண்டறிக்கையில் எழுதுமாறு எங்ஙனம்? முதல் வீட்டிலே கொடுத்தது ஓருணவு. ஈற்று வீட்டிலே கொடுத்ததும் ஓருணவு. கணக்கிலே இரண்டும் ஒன்றோடொன்று ஒக்கும். ஈற்று வீட்டில் அப்பெண் விளக்கேற்றும் வேளைவரை இருந்து, அத்தனியன் சொல்லிய பழங்கதையைக் கேட்டாளாயின், அதற்குக் கணக்குப் புத்தகத்தில் நிரல் இல்லை. ஆயினும் அவ்வறத்தின் உயிர் அந்நிரலில்லாத இடத்திலேயே நின்றது. ஈண்டு நாம் ஒன்று கருதல் வேண்டும். அந்நேரத்தை எண்ணால் அளக்க முடியாதாயினும், அதற்கு இடம் ஒழிந்திருக்குமாறு விதி செய்ய முடிந்தது. ஒழுங்கு அன்புக்கு இடஞ்செய்யலாம்; எண்ணோ அன்பைக் காட்டமாட்டாது. இவ்வேறுபாட்டை உணராதாரே, எண் மிகுந்தவிடத்து அறமும் மிகுந்ததென்று மயங்குவர்.

இனி, எதனை வெளிப்படுத்தல் வேண்டும், எதனை மறைத்தல் வேண்டும் என்பதை ஆராய்வாம். அதற்குச் சபையின் பிறப்பை அறிதல் வேண்டும். 1832ஆம் ஆண்டிலே பாரிஸ் நகரில் வாந்திபேதி பரவி 18,000க்கு மேற்பட்ட உயிரைக் கொண்டுபோயிற்று. அக்காலத்து அந்நகரிலே சர்வகலாசாலை மாணாக்கர் கூடி வாதஞ்செய்யும் கூட்டமொன்றில், உங்கள் சமயம் பண்டு பல நன்மை செய்ததாயினும் இன்று நீவிர் செய்வது யாதென்று எதிர்க்கட்சியார் வினாவினர். அவ்வினா பிரெடெரிக் ஒசானாம் என்னும் மாணாக்கரின் நெஞ்சில் தைத்தது. வாய்ச்சொல்லால் மறுமொழி கூறுதல் அவர்க்கு எளிதேயாம். அவர் அம்மட்டில் அமையாராயினர். 1833ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 23ஆந் திகதி, மாணாக்கர் அறுவரும், பத்திரிகை நடத்திய எம்மானுவேல் பயி என்னும் மூத்தவரொருவருமாக எழுவர் கூடி, வறியாரை அவர்தம் வீட்டிற் சென்று காண்பதென்று துணிந்தனர். அன்றுதான் ஒசானாமுக்கு 20 வயது நிரம்பிற்று. பின்னாளில் அவர் பாரிஸ் சர்வகலாசாலையிலே பிறநாட்டிலக்கியம் கற்பிக்கும் பேராசிரியராய் விளங்கி, 1853ஆம் ஆண்டில் 40 வயதில் மறைந்தார். அவரும் நம்மைப்போல் ஆசிரியத் தொழில் பூண்டவரென்பதை நினைவில் வைப்போமாக.

துணிந்தனரேயன்றி, செய்யும் வகை அம்மாணாக்கர் அறியார். ஆகவே முபெத்தார் என்னும் வறியார் சேரியிலே பல ஆண்டாகத் தொண்டுசெய்து கொண்டிருந்த ரொசலி ரெந்து என்னுங் கன்னியர் மாதாவை அடுத்தனர். எவ்வீட்டிற்குச் செல்வது, எவ்வாறு பேசுவது, என்ன கொடுப்பது என்பவற்றை அவ்வம்மையார் கற்பித்து, அப்பமும் விறகுக்கரியும் பெறுதற்குரிய சீட்டுகளையுங் கொடுத்துதவினார். கல்வியிற் சிறந்த இளைஞர், சேரியிலே தொண்டுசெய்யும் ஒரு பெண்ணிடத்து மாணாக்கராயினர். கொடுத்தலும் கற்றறியவேண்டிய ஒரு தொழில் என்பதற்கு இதனின்வேறு சான்று வேண்டா.

அச்சபையார் கொண்ட வழக்கங்களுள் மூன்றினை ஈண்டு எடுத்துக்கொள்வாம். ஒன்று, கூட்டத்திலே பணஞ் சேர்க்கும் முறை. ஒரு பை கைமாறிச் செல்லும். ஒவ்வொருவரும் தம்மாலியன்றதை மற்றவர் அறியாவாறு அதனுள் இடுவர். செல்வர் இட்டது எவ்வளவு, வறியர் இட்டது எவ்வளவு என்பதை ஒருவரும் அறியார். இடுவதற்கு ஒன்றுமில்லாதவனும் நாணமின்றிக் கையை நீட்டி எடுக்கலாம். இரண்டாவது, வீட்டிற்குச் செல்லும் முறை. இருவராகச் செல்வர், வறியாரைத் தம் வாயிலில் வந்து நிற்கச் செய்யாது தாமே அவர் வாயிலிற் சென்று நிற்பர். மூன்றாவது, கணக்கு. சேர்ந்த தொகையும் செலவான வகையும் எழுதப்பட்டு ஆண்டுதோறும் ஒப்புவிக்கப்படும்.

இம்மூன்றையும் ஒருங்குவைத்து நோக்குவார்க்கு ஒரு நுட்பம் புலனாகும். கொடுத்தவன் பெயர் மறைகின்றது. வாங்கினவன் பெயர் மறைகின்றது. இடையே சென்ற பொருளின் அளவு மட்டும் வெளிப்படுகின்றது. வலக்கையும் இடக்கையும் பற்றி எழுந்த தடைக்கு இதுவே விடை. கணக்கு வெளிப்படுதல் கொடுத்தார் புகழின் பொருட்டன்று. இடைநின்றார் நேர்மையின் பொருட்டு. இவ்வேற்பாட்டினாலே முதற்சாரார் வேண்டிய மறைவும் கெடவில்லை. இரண்டாஞ்சாரார் வேண்டிய கணக்கும் கெடவில்லை. நம்மவர்க்கும் இது புதிதன்று. அப்பூதியடிகள் தாம் வைத்த தண்ணீர்ப்பந்தருக்குத் தம் பெயரிடாது திருநாவுக்கரசர் பெயரிட்ட சரிதத்தை நாம் ஆண்டுதோறும் கற்பிக்கின்றோம். கற்பித்துவிட்டு, மின்விளக்கொன்று உபகரித்தார் பெயரை அவ்விளக்கின் மேலேயே எழுதி, ஒளியிற் பாதியை மறைத்தும் விடுகின்றோம்.

இவ்வெண்களுக்குள்ளே இருப்பது யாதென்பதை யாம் புத்தகத்தால் மட்டும் அறிந்தோமல்லேம். 1982ஆம் ஆண்டளவில் யாம் கத்தோலிக்கத் துறவியர் நடத்திய ஒரு பாடசாலையிற் பயின்றோம். அவ்வாண்டில் எம் தந்தையார் நெடுநாள் நோயாய்க் கிடந்தார். வீட்டிலே வருவாய் அற்றுப்போயிற்று. அதனை யாம் பாடசாலையில் ஒருவர்க்குஞ் சொன்னோமல்லேம். எவ்வாறு அறிந்தனரோ, ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை எமக்குக் கணக்குக் கற்பித்த ஆசிரியர் மற்றொருவரோடு சைக்கிளில் வந்திறங்கினார். எம் நெற்றியில் நீறும், வீட்டிலே சுவாமி படங்களும் இருந்தன. அவர் அவற்றை நோக்கி ஒன்றுஞ் சொல்லவில்லை. தந்தையார் கட்டிலருகே பாயில் உட்கார்ந்து, தோட்டத்து வெங்காயத்தைப்பற்றியும் கிணற்று நீரைப்பற்றியும் நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தார். தந்தையார் பல நாட்களின் பின் அன்று சிரித்தார். அவர்கள் எழுந்து சென்றபின் அம்மா அடுக்களைத் திண்ணையிலே ஓர் அரிசிப்பையைக் கண்டார். அது எப்பொழுது அங்கே வைக்கப்பட்டதென்பதை எங்களில் ஒருவரும் கண்டிலேம். மறுநாள் வகுப்பிலே அவ்வாசிரியர் எம்மை மற்றையோரை நோக்குமாறே நோக்கினார். வீட்டுக்கணக்குச் செய்யாமைக்கு மற்றையோரைக் கண்டித்தவாறே கண்டித்தார். அக்கண்டனம் எமக்கு அரிசியினும் பெரிய உபகாரமாயிற்று.

அவ்வாண்டிறுதியில் கோயில் மதிற்புறத்து அறிவித்தற் பலகையிலே சபையின் ஆண்டுக்கணக்கு ஒட்டப்பட்டிருந்தது. வீடு சென்று கண்ட குடும்பங்கள் இத்தனை என்றிருந்த எண்ணை யாம் நின்று வாசித்தோம். அவ்வெண்ணுள் ஒன்று எம் வீடு. அருகே நின்று வாசித்த மாணாக்கர் ஒருவரும் அதனை அறியார். அன்று அவ்வெண் எமக்கு வறண்டதாகத் தோன்றவில்லை. எம்மைப் போர்த்தி மறைத்த ஒரு போர்வையாகத் தோன்றிற்று. பெயரில்லாத எண் உயிரில்லாததென்று குறைகூறுவார் உளர். பெயரில்லாமையே ஒருவன் மானத்தைக் காத்தலும் உண்டென்பதை அக்குறை கூறுவார் அறியார்.

ஈண்டு நம்மவர் ஒரு தடை நிகழ்த்துவர். "அவர் கொடுப்பதெல்லாம் மதமாற்றும் தூண்டிலன்றோ? தூண்டிலின் இரையைத் தருமமென்று புகழ்வதோ?" என்பர். இத்தடையை யாம் எளிதாகத் தள்ளோம். உத்தியோகமும் கல்வியும் பெறுதற்பொருட்டு இந்நாட்டவர் பலர் முற்காலத்தில் ஞானஸ்நானம் பெற்றதும், அதனை ஆறுமுகநாவலரவர்கள் (1822-1879) வன்மையாகக் கண்டித்ததும் நாம் அறிந்தனவே. ஒருவன் பசியை விலையாகக் கொண்டு அவன் வழிபாட்டை வாங்குவதினும் இழிந்த வாணிகம் இல்லை. அதனை எச்சமயத்தார் செய்யினும் அது வாணிகமே.

ஆயின், ஒரு குற்றத்தைக் கண்டித்தற்கும், நன்றென்பதையெல்லாம் அக்குற்றமென்றே கொள்ளுதற்கும் வேறுபாடுண்டு. தூண்டிலையும் தருமத்தையும் பிரித்தறியும் அளவுகோல் யாது? வாங்கினவன், "உம் சமயம் எமக்கு வேண்டா" என்று சொல்லியபின்னும் உதவி நிற்குமோ, நில்லாதோ என்பதே அவ்வளவுகோல். சமயமும் இனமும் நோக்காது உதவுதல் வேண்டுமென்பது அச்சபையின் விதி. அவ்விதி எங்கும் எந்நாளும் வழுவாது காக்கப்பட்டதென்று சான்று கூற யாம் வல்லேமல்லேம். எம் வீட்டு வாயிலில் அது காக்கப்பட்டது. தந்தையார் உயிரோடிருந்த காலமெல்லாம் அவர்கள் வந்தனர்; எம் நெற்றி நீறும் இன்றளவும் அழியவில்லை. கண்டதைக் கண்டவாறு சொல்லாதொழிதல் நன்றி கொன்ற குற்றமாம். அவ்வளவுகோலை நாம் பிறர்க்கு வைப்பதுபோல நமக்கும் வைத்துக்கொள்ளல் வேண்டும். நம் அன்னதானப் பந்தியிலே, "நீ யார்? எவ்விடத்தான்?" என்று கேட்டுப் பந்தியை வேறுபடுத்திய காலம் இந்நாட்டிலே இருந்ததென்பதை மறைத்தல் இயலாது.

மற்றுமொரு தடை உண்டு. "வறுமைக்குக் காரணம் அநீதி. காரணத்தைக் களையாது ஆண்டுதோறும் அரிசி வழங்குதல், ஓட்டைக்குடத்தில் நீர் வார்த்தலை ஒக்கும்" என்பர். இத்தடை நியாயமானதே. ஒசானாம் தாமும் இதனை அறியாதவரல்லர். 1848ஆம் ஆண்டிலே பிரான்சு தேசத்திற் புரட்சி நிகழ்ந்தபோது, அவர் வேறு சிலரோடு கூடிப் பத்திரிகையொன்று தொடங்கித் தொழிலாளர் பக்கல் நின்று எழுதினார். காயப்பட்டாரைத் தேற்றுவது அன்பின் கடன், காயப்படாமற் காப்பது நீதியின் கடன் என்பதே அவர் கொண்ட கருத்து. நீதி வருங்காறும் நோயாளி காத்திரான். நீதி வந்தபின்னும் முதுமையும் நோயும் தனிமையும் ஒழியா. ஆகவே ஒன்றைச் செய்வார் மற்றதனை விடல் வேண்டா. ஆயின், ஆண்டறிக்கையிலே குடும்பங்களின் எண் ஆண்டுக்காண்டு பெருகுவதைக் கண்டு மகிழ்வார் உளராயின், அவர் தம் மகிழ்ச்சியைத் தாமே ஐயுறக்கடவர். அப்பெருக்கம் தொண்டு வளர்ந்ததைக் காட்டுவதோ, துன்பம் வளர்ந்ததைக் காட்டுவதோ என்று வினாவுதல் வேண்டும். நன்றாக எழுதப்பட்ட கணக்கு இவ்வினாவை எழுப்புவதாம். தீதாக எழுதப்பட்டது இதனை மறைப்பதாம்.

வீட்டிற்குச் சென்று காண்பதிலும் ஒரு தீமை மறைந்துண்டு. துன்பங் காணச் சென்றவன் குற்றங் காண்பவனாக மாறுதல் எளிது. அடுப்பங்கரையை எட்டிப் பார்த்து, "மீன்குழம்பு வைத்திருக்கின்றார்களே, இவர்க்கு உதவி எதற்கு?" என்பான் சென்றதைவிடச் செல்லாமை நன்று. உதவி பெறுபவன் தன் வீட்டை நீதிமன்றமாகவும், வந்தவனை நீதிபதியாகவுங் கருதும்படி ஆயின், அரிசிப்பை அவன் செலுத்தும் அபராதமாகவே முடியும். திருவள்ளுவர் ஈகைக்கு ஓரதிகாரம் வகுத்ததோடமையாது, இரவு, இரவச்சம் என்று இரண்டதிகாரங்களை இரப்பவன் நிலைநோக்கி வகுத்ததன் நுட்பம் ஈண்டு நினைக்கத்தக்கது. கொடுப்பவனுக்கு ஒரு பார்வை. வாங்குபவனுக்கு வேறொரு பார்வை. இரண்டையும் ஒருங்கே உடையவனே ஈயத் தகுந்தவன்.

இனி, எம் குற்றத்தைக் கூறுவாம். யாம் பாடசாலைத் தலைமையேற்ற முதலாண்டிலே, புறநாட்டிலுள்ள அன்பர் சிலர் வறிய மாணாக்கருக்கென்று கொப்பிகளும் சப்பாத்துகளும் வாங்கப் பணம் அனுப்பினர். கணக்குச் செவ்வையாக இருத்தல் வேண்டுமென்று யாம் பெரிதும் முயன்றோம். பெயர்ப்பட்டியல் ஆயத்தஞ் செய்து, காலைக் கூட்டத்திலே அனைவர் முன்னிலையிலும் ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி அழைத்து, கையிற் கொடுத்து, படமும் எடுத்து, அன்பர்களுக்கு அனுப்பினோம். ஒரு சதமேனும் கணக்கில் தவறவில்லை. அன்பர்களும் மிக மகிழ்ந்து எழுதினர்.

பட்டியலிலே ஏழாம் வகுப்பு மாணவனொருவன் இருந்தான். அவன் பெயர் அழைக்கப்பட்டபோது வரிசையிலிருந்து வெளிவருவதற்குச் சிறிது தாமதித்தான். அவன் கேட்கவில்லையென்றெண்ணி யாம் இரண்டாமுறை உரத்து அழைத்தோம். தலைகுனிந்து வந்து பெற்றுக்கொண்டான். மறுநாள் அவன் பாடசாலைக்கு வரவில்லை. அதன் மறுநாளும் வரவில்லை. மூன்றாம் நாள் யாம் வீடு தேடிச் சென்றோம். புதிய சப்பாத்துகள் பெட்டி திறவாதபடி வாயிற்படியருகே இருந்தன. அவன் தாயார் எம்மைக் குறைகூறவில்லை. "பிள்ளைக்கு வெட்கமாம், ஐயா" என்று மட்டுஞ் சொன்னார்.

கணக்கு ஆசிரியர் சைக்கிளில் வந்திறங்கிய அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பொழுது எம் நினைவுக்கு வந்தது. எம் முகத்தை மறைத்துக் காத்தவர் ஒருவர் இருக்க, அவர்பாற் கற்ற யாம் ஒரு பிள்ளையின் முகத்தை ஊர்முன்னே திறந்துவைத்தோம். எம் கணக்கிலே தவறில்லை. எம் செயலிலே தவறிருந்தது. அறிக்கை எழுதும் பொருட்டு அறஞ் செய்தோமேயன்றி, அறஞ் செய்தபின் அறிக்கை எழுதினோமல்லேம். எண் எவ்விடத்து நிற்றல் வேண்டும் என்னும் வினாவுக்கு யாம் கண்ட விடை இதுவே: எண் அறத்தின் பின்னே வரல் வேண்டும், முன்னே செல்லின் அது பிள்ளைகளை மிதித்துச் செல்லும். அம்மாணவன் ஒரு கிழமையின் பின் வந்து சேர்ந்தான். யாம் அவனிடம் மன்னிப்புக் கேட்டோம். ஆசிரியர் மாணாக்கனிடம் மன்னிப்புக் கேட்டல் வழக்கமன்றாதலால் அவன் திகைத்தான். அதனையும் தனியிடத்தே கேட்க வேண்டுமென்பதை மட்டும் அன்று யாம் மறந்தோமல்லேம்.

ஆசிரிய அன்பர்களே, மேலே கூறியவற்றாற் பெறப்படுவனவற்றைத் தொகுத்துரைப்பாம். பணங் கொடுத்தார்க்குப் பணத்தின் கணக்கைச் சதந் தவறாது காட்டுங்கள். அது அவர்க்கு நாம் பட்ட கடன். பிள்ளையின் முகத்தைக் காட்டாதீர்கள். அது அவர் பணத்தால் வாங்கப்பட்ட பொருளன்று. படம் வேண்டுமென்று உபகாரிகள் வற்புறுத்துவாராயின், வாங்கிய கொப்பிகளைப் படம் எடுத்தனுப்புங்கள். கொடுக்கவேண்டுவதை வகுப்பு முடிந்தபின், வீட்டுக்குச் செல்லும் வழியிலே, பெற்றார் கையிற் கொடுங்கள். கூடுமாயின் நீங்களே வீட்டிற்குச் செல்லுங்கள். குற்றங் காணச் செல்லாது, பாயில் உட்காரச் செல்லுங்கள். சென்றபின் வகுப்பிலே அப்பிள்ளையை மற்றைப் பிள்ளைகளைப்போலவே நடத்துங்கள். கண்டிக்க வேண்டியவிடத்துக் கண்டிக்கவும் மறவாதீர்கள். இரங்கத்தக்கவன் என்னும் அடையாளம் அவன் நெற்றியில் ஒட்டாதிருத்தல் வேண்டும்.

எழுவராய்த் தொடங்கிய அச்சபை இன்று ஏறக்குறைய 150 நாடுகளிற் பரவி, ஏறக்குறைய 8 இலட்சம் அங்கத்தவரை உடையதென்பர். இவ்வெண் பெரிது. எனினும், யாம் அதனை மதிப்பது இவ்வெண்ணினாலன்று. துணையற்ற நோயாளியிடத்து ஈற்றிற் சென்று நெடுநேரம் இருத்தல் வேண்டுமென்று நானூறாண்டின் முன் ஒருவர் எண்ணிப் பார்த்தாரே, அவ்வெண்ணத்தினால் மதிக்கின்றோம். அறத்திற்குக் கணக்குண்டோ எனின், அதன் பொருளுக்குக் கணக்குண்டு. அதனைச் செய்வார் நெஞ்சுக்குள்ள கணக்கை எழுதுவார் வேறு. அக்கணக்கை நாம் இவ்வுலகில் வாசிக்கமாட்டோம். வாசிக்கமாட்டோமாயினும், வருகின்ற தவணையிலே கொப்பி வழங்கும் நாளன்று, ஒரு பெயரை உரத்து அழைக்க வாய் திறக்கும்போது, அதனைச் சிறிது நினைப்போமாக.